மலிவு வோக்கி-டோக்கி: திருகோணமலையில் வாங்குமுன்னும் புரோகிராம் செய்யுமுன்னும் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்லைன் கடைகளில் 25, 30 அமெரிக்க டொலருக்கு ஒரு வோக்கி-டோக்கி கிடைக்கிறது. கோவில் திருவிழாத் தொண்டர்கள், நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்கள், திருக்கடலூரிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்கள், புயல் காலத்தில் போன் கோபுரங்கள் செத்துக் கிடந்ததைக் கண்ட ஊர்ச் சங்கங்கள் எனப் பலருக்கும் அதில் ஒரு கண் இருக்கிறது. வாங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பெட்டியில் எழுதிய தூரம் எட்டுவதில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. சுங்கத்தில் பொதி மறிபடுகிறது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தக் கருவியைப் போன் மாதிரி நினைத்து வாங்குகிறோம்.

போனும் ரேடியோவும் எங்கே வேறுபடுகின்றன

போனில் நாம் செய்வது எண்ணை அழுத்துவது மட்டும். கோபுரம் கட்டுவது, மீடிறனுக்கு அரசிடம் உரிமம் எடுப்பது, ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாமல் பிரிப்பது எல்லாம் கம்பனியின் வேலை. கையடக்க ரேடியோவில் அத்தனை வேலையும் வாங்குபவர் தலையில் விழுகிறது.

சில சொற்களைத் தெளிவாக்கிக்கொண்டால் மீதி சுலபம்.

மீடிறன் என்பது ரேடியோ அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்ற எண்ணிக்கை. இந்த ரேடியோக்களில் அது மெகாஹேர்ட்ஸில் சொல்லப்படும். 30 முதல் 300 மெகாஹேர்ட்ஸ் வரை வி.எச்.எஃப்.; 300 முதல் 3000 வரை யூ.எச்.எஃப். திறந்த வெளியிலும் கடலிலும் பொதுவாக வி.எச்.எஃப். கைகொடுக்கும். கட்டடங்களுக்குள் யூ.எச்.எஃப். ஓரளவு நன்றாக நுழையும்.

சனல் என்பது ஒரு மீடிறனையும் அதற்குரிய அமைப்புகளையும் சேர்த்து ரேடியோவின் நினைவில் வைத்த ஒரு பெட்டி. என் ரேடியோவின் 3-ஆம் சனலும் உங்கள் ரேடியோவின் 3-ஆம் சனலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உள்ளே பதிந்த மீடிறன் ஒன்றாக இருந்தால்தான் பேச முடியும்.

சிம்ப்ளெக்ஸ் என்றால் பேசுவதும் கேட்பதும் ஒரே மீடிறனில், கருவியிலிருந்து கருவிக்கு நேராக. உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டர் ஒன்று குரலை வாங்கி இன்னொரு மீடிறனில் திருப்பி அனுப்புவது மற்ற வழி. அதற்குத் தனி நிலையமும் தனி அனுமதியும் வேண்டும்.

உரிமம் ஏன் முதற்படி

1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதைத் திருத்திய 1996-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டமும்தான் இதற்கு அடிப்படை. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் மீடிறனையோ அலை வீசும் கருவியையோ பயன்படுத்த முடியாது. கருவியை நாட்டுக்குள் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். பொதி சுங்கத்தில் நிற்பது இதனால்தான்.

யாருக்கு எந்த வழி என்பது பயன்பாட்டைப் பொறுத்தது.

1. நிறுவனம், ஹோட்டல், சங்கம்: ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்து, தங்களுக்கென ஒதுக்கப்படும் மீடிறனைப் பெறவேண்டும். விண்ணப்பத்தில் கருவியின் மாதிரியும் கேட்கப்படும் என்பதால் வாங்குமுன்பே, எந்த மாதிரி ஏற்கப்படும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.
2. அமெச்சூர் வானொலி: பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டைப் பெறும் தனிநபர்கள். இவர்கள் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் மட்டும் பேசலாம். வியாபாரப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.
3. படகு: கடல்சார் வி.எச்.எஃப். கருவியும் அதற்குரிய நிலைய உரிமமும். இதைக் கடைசிப் பகுதியில் தனியாகப் பார்ப்போம்.

தமிழில் வரும் காணொளிகள் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே 446.0 முதல் 446.2 மெகாஹேர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேச உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது இந்தியாவின் விதி. இங்கே தானாகச் செல்லுபடியாகாது. அதோடு அந்தச் சலுகை கழற்றக்கூடிய அன்ரனாவும் நாலைந்து வோட் சக்தியும் கொண்ட கருவிகளுக்கானதும் அல்ல. அங்கேயே 2025 மே மாதம், விதிகளைச் சொல்லாமல் வோக்கி-டோக்கி விற்ற ஒன்லைன் தளங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை நோட்டீஸ் அனுப்பியது.

திருமலையில் இதை அசட்டை செய்ய முடியாததற்குப் பூகோளமும் ஒரு காரணம். கடற்படையின் கிழக்குக் கட்டளையகம், சீனன்குடா விமானத்தளம், வர்த்தகத் துறைமுகம் மூன்றும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மலிவு ரேடியோவின் விசைப்பலகை 136 முதல் 174 வரையும் 400-க்கு மேலும் எந்த மீடிறனையும் தட்ட விடும். 'இது உனக்குரியதல்ல' என்று அது தடுக்காது. ஒரு இலக்கம் பிசகினால் துறைமுகத்துக் கப்பல் பேசும் சனலின் மேல் நம் குரல் விழும். அங்கே ஒரு மாலுமிக்கு அந்த நேரத்தில் கேட்கவேண்டிய சொல் கேட்காமல் போகும்.

பெட்டியில் எழுதிய தூரமும் கொட்டியாரக் குடாவும்

இந்த மீடிறன்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்த இடத்தோடு கதை முடிந்தது. அந்த எல்லையைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு: அன்ரனா இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். உயரம் மீட்டரில், விடை கிலோமீட்டரில். இரு முனைக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் அதுதான் உச்ச தூரம்.

மூதூர் இறங்குதுறையில் ஒருவரும் திருமலைப் பக்கக் கரையில் ஒருவரும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ வாயருகே, கடல் மட்டத்திலிருந்து 1.5 மீட்டரில் இருக்கிறது. ஒருவருக்கு 5 கிலோமீட்டர், இருவருக்கும் 10. குடாவின் குறுக்கே நேர்கோடு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். ஆக, சுத்தமான கடல்வெளியிலும் அது எல்லைக்கு வெளியே. நடுவில் குன்றோ முனையோ வந்தால் பேச்சே இல்லை. இப்போது ஒருவர் மூன்றாம் மாடி மொட்டைமாடிக்கு, 10 மீட்டர் உயரத்துக்கு ஏறட்டும். அவர் பங்கு 13 ஆகும்; மொத்தம் 18. அதே ரேடியோ, அதே பற்றரி. மாறியது உயரம் மட்டும்.

கோணேசர் மலை மாதிரி 100 மீட்டர் உயரம் என்றால் அந்த முனை மட்டும் 41 கிலோமீட்டர் கொடுக்கும். பெட்டியில் போடும் பெரிய எண்கள் இப்படியான மலையுச்சிக் கணக்கிலிருந்து வருபவை. மட்டமான நிலத்தில், வீடும் மரமும் நிறைந்த கிண்ணியாவிலோ உப்புவெளியிலோ, கையில் பிடித்த இரண்டு ரேடியோக்களுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று திட்டமிடுவதுதான் நேர்மை.

சக்தியைக் கூட்டினால் சரிவரும் என்று '8 வோட்' மாதிரிக்கு அதிகப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. 4 வோட்டிலிருந்து 8-க்குப் போனால் சிக்னல் 3 டெசிபல்தான் கூடும். கேட்பவர் காதில் அது அரிதாகவே தெரியும். பற்றரியில் கட்டாயம் தெரியும். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவு ஒரு கிலோமீட்டரளவு. அங்கே 1 வோட் தாராளம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

சந்தையில் அதிகம் காணப்படும், பாஓஃபெங் என்ற சீன நிறுவனத்தின் இரண்டு மாதிரிகள்:

யூ.வி-5ஆர்: வி.எச்.எஃப்., யூ.எச்.எஃப். இரண்டும் உண்டு. திரையும் விசைகளும் 128 சனலும் உண்டு. விசையாலும் கணினியாலும் புரோகிராம் செய்யலாம்.

பி.எஃப்-888எஸ்: யூ.எச்.எஃப். மட்டும், 16 சனல், திரை இல்லை. கணினி இல்லாமல் மாற்ற முடியாது. பெட்டியைத் திறந்ததும் இந்த மாதிரிக் கருவிகள் இரண்டு ஒன்றோடொன்று பேசும் என்பதால் 'எல்லாம் சரி' என்று தோன்றும். தொழிற்சாலையில் போட்ட மீடிறன்களில்தான் அது பேசுகிறது. அவற்றுக்கு உங்களிடம் உரிமம் இல்லை. அதே பெட்டியை வாங்கிய எவரும் உங்கள் பேச்சுக்குள் வருவார்.

சங்கத்துக்கோ ஹோட்டலுக்கோ என்றால் 888எஸ் மாதிரித் திரையில்லாத கருவியையே பரிந்துரைக்கலாம்: உரிம மீடிறனைப் பதிந்து கொடுத்துவிட்டால் தொண்டர் கையில் அது பிசகாது.

பொதியைப் பிரித்ததும்:

1. அன்ரனாவைத் திருகாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து வெளியீட்டு ட்ரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.
2. வேறு அன்ரனா வாங்குவதானால் பொருத்தியைப் பாருங்கள். யூ.வி-5ஆரின் உடலில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அன்ரனாவில் துளை இருக்கவேண்டும். மாறி வாங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை.
3. கூட வரும் குட்டை அன்ரனா வி.எச்.எஃப்.இல் பலவீனமானது. 150 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீளம் 50 சென்ரிமீட்டர். 450-இல் 17-க்குக் கொஞ்சம் குறைவு. 15 சென்ரிமீட்டர் ரப்பர் குச்சி முந்தியதற்குப் போதாது. நல்ல நீள அன்ரனாவுக்குப் போடும் பணம் சக்திக்குப் போடும் பணத்தைவிடப் பலன் தரும்.
4. யூ.வி-5ஆரின் வழமையான பற்றரி 7.4 வோல்ட், 1800 மில்லி அம்பியர்-மணி. 3800 என்று போட்ட தடித்த பற்றரி வேறு. சாதாரண அளவுக் கூட்டின்மேல் 3800 என்று ஒட்டியிருந்தால் அது பொய்.

இன்னொரு குறை, கருவிக்குள் இருப்பது. விலை குறைய, சிக்னலை வாங்கும் பகுதி முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கியிருக்கிறார்கள். அருகே பலமான நிலையம் ஒன்று வீசினால் அந்தச் சிப் திக்குமுக்காடி, தூரத்து மெல்லிய குரலை விட்டுவிடும். கோபுரங்களுக்கு அருகில் 'நேற்றுக் கேட்டது இன்று கேட்கவில்லை' என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

2024 செப்டெம்பரில் லெபனானில் வோக்கி-டோக்கிகள் வெடித்த செய்திக்குப் பிறகு, மலிவு ரேடியோ வெடிக்குமா என்ற பயம் பரவியது. அங்கே வெடித்தவற்றுக்குள் வெடிமருந்து திட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தது. சாதாரண லிதியம் பற்றரி அப்படி வெடிக்காது. ஆனால் பழுதானால் தீப்பிடிக்கும். வீங்கிய பற்றரியைச் சாஜரில் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முகப்பில் ரேடியோவை விடாதீர்கள்.

விசையால் ஒரு சனலைப் பதிவது: யூ.வி-5ஆர்

உரிமப் பத்திரத்தில் உள்ள மீடிறன், பட்டை அகலம் (மீடிறனைச் சுற்றி ஒரு சனல் பிடிக்கும் இடம்), டோன் (பேச்சோடு போகும் அடையாள ஒலி; கீழே விளக்கம் உண்டு) மூன்றையும் முதலில் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. செம்மஞ்சள் நிறப் பட்டனை அழுத்தி மீடிறன் நிலைக்கு வாருங்கள். சனல் நிலையில் நின்றால் பதிவு நடக்காது.
2. நீலப் பட்டனால் மேல் வரிக்கு அம்புக்குறியைக் கொண்டுவாருங்கள். கீழ் வரியிலிருந்து பதிந்தால் பதிந்தமாதிரித் தெரியும். பின்னர் வேறெதுவோ இருக்கும்.
3. மெனு 7-இல் இரட்டைக் கேட்பை (இரண்டு வரிகளையும் மாறிமாறிக் கேட்பது) நிறுத்துங்கள்.
4. மெனு 1-இல் படி அளவை (மீடிறன் ஒரு தடவையில் நகரும் அளவு) உரிமத்துக்கேற்ப 12.5 அல்லது 6.25 கிலோஹேர்ட்ஸ் ஆக்குங்கள். படி 5-இல் நின்றால் தட்டிய மீடிறனை ரேடியோ தானே அருகிலுள்ள எண்ணுக்கு நகர்த்திவிடும். குரல் கரகரப்பதற்கு இது ஒரு மறைந்த காரணம்.
5. மெனு 5-இல் அகலமா ஒடுக்கமா என்று தெரிவு செய்யுங்கள். ஒருவர் அகலத்திலும் மற்றவர் ஒடுக்கத்திலும் இருந்தால் ஒரு பக்கம் குரல் மெல்லியதாகவும் மறுபக்கம் சிதைந்தும் கேட்கும்.
6. மெனு 10 முதல் 13 வரையான நான்கு டோன் மெனுக்களையும் முதலில் அணைத்துவிடுங்கள். தேவையென்றால் 13-இல் அனுப்பும் டோனை மட்டும் போடுங்கள்.
7. மெனுவை விட்டு வெளியே வந்து மீடிறனின் ஆறு இலக்கத்தையும் தட்டுங்கள்.
8. மெனு 27-க்குப் போய் வெறுமையான சனல் எண்ணைத் தெரிவு செய்து மெனுப் பட்டனால் உறுதிப்படுத்துங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்துக்கள் நின்றால் அந்தச் சனல் ஏற்கெனவே நிரம்பியது. மெனு 28-இல் அழித்த பிறகே பதியலாம்.
9. செம்மஞ்சள் பட்டனால் சனல் நிலைக்கு மாறி, இன்னொரு கருவியோடு பேசிப் பாருங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள்; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூச்சல்தான் கேட்கும்.

மெனு 9-இல் பேச்சு நேர வரம்பை 60 செக்கனுக்கு வையுங்கள். பொத்தான் இடுப்புக்கும் கதிரைக்கும் இடையில் நசிந்து கிடந்தால் முழுக் குழுவின் சனலும் அடைபடும். வரம்பு இருந்தால் ஒரு நிமிடத்தில் விடுபடும்.

கொடுக்குமுன் # விசையை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். அதே விசையைச் சும்மா தட்டினால் சக்தி குறைந்த நிலைக்கு மாறிவிடும், திரையில் ஒரு சின்ன எழுத்து மட்டும் தோன்றும். 'என் ரேடியோ மட்டும் எட்டவில்லை' என்பவர் முதலில் பார்க்கவேண்டியது அதை.

கணினியால் பதிவது

நாலு ரேடியோவுக்கு மேல் என்றால் விசையோடு மல்லுக்கட்டவேண்டாம். சேர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருளும் இரட்டை ஊசிக் கேபிளும் போதும்.

1. ரேடியோவை அணைத்துக் கேபிளைச் செருகுங்கள். கடைசியில் 'கிளிக்' என்று உள்ளே போகவேண்டும். ரேடியோ பதிலளிக்கவில்லை என்று வரும் பிழைகளில் பெரும்பாலானவை அரைகுறையாகச் செருகிய ஊசியால் வருபவை. ரேடியோவின் கூடு ஊசியைத் தடுத்தால் பிளாஸ்ரிக் விளிம்பைக் கொஞ்சம் செதுக்கவேண்டியும் வரும்.
2. ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி, யாரும் பேசாத சனலில் வையுங்கள்.
3. மென்பொருளில் சரியான போர்ட்டையும் மாதிரியையும் தெரிவு செய்து, ரேடியோவில் உள்ளதை முதலில் இறக்குங்கள்.
4. இறக்கிய பைலை எதையும் தொடாமல் ஒரு பிரதியாகச் சேமியுங்கள். ஏதும் பிழைத்தால் திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி அது.
5. அட்டவணையில் மீடிறன், ஏழெழுத்துக்குள் பெயர், டோன், பட்டை அகலம், சக்தி ஆகியவற்றை நிரப்பித் திருப்பி ஏற்றுங்கள்.
6. அடுத்த ரேடியோவுக்கும் அதே பைலை அப்படியே ஏற்றாதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மென்பொருள்ப் பதிப்பு வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் இறக்கி, சனல் வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டி ஏற்றுங்கள்.

வின்டோஸில் கேபிளைக் கண்டும் வேலை செய்யாவிட்டால் சிப்பைச் சந்தேகியுங்கள். மலிவுக் கேபிள்களில் புரொலிஃபிக் சிப்பின் போலிகள் அதிகம். அந்த நிறுவனத்தின் புதிய ட்ரைவர் அவற்றை ஏற்க மறுக்கும். பழைய 3.2.0.0 பதிப்புக்குத் திரும்பினால் பலருக்கும் சரிவருகிறது. எஃப்.டி.டி.ஐ. சிப் கொண்ட கேபிள் விலை கூட. ஆனால் இந்த அலைச்சல் இல்லை.

'டூப்ளெக்ஸ்' என்ற கட்டத்தில் 'ஓஃப்' என்று போட்டால் அந்தச் சனலில் பேச்சுப் பொத்தான் வேலை செய்யாது. கேட்பதற்கு மட்டும் உரிமம் இடம்தரும் சனல்களுக்கெல்லாம் இதைப் போடுங்கள்.

டோன் இரகசியம் காக்காது

விளம்பரங்கள் இதைத் 'தனிமைக் குறியீடு' என்கின்றன. பெயர் பிழை. பேச்சோடு, கேட்கும் ரேடியோ வடிகட்டிவிடும் தாழ்ந்த ஒலி ஒன்றும் போகிறது, உதாரணமாக 88.5 ஹேர்ட்ஸ். அந்த ஒலி வந்தால்தான் மறுமுனை ஸ்பீக்கரைத் திறக்கும். மற்றவர்களின் பேச்சு நமக்குக் கேட்காமல் செய்ய உதவும். நம் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்காமல் செய்யாது. டோன் போடாத ரேடியோவில் எல்லாம் கேட்கும். நோயாளியின் விபரம், பணத்தொகை, பெண்பிள்ளைகள் தனியே நிற்கும் இடம் எதையும் இதில் சொல்லாதீர்கள்.

ஒரே சனலில் இருந்தும் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அவரது மெனு 10-ஐயும் 11-ஐயும் பாருங்கள். அங்கே பிழையான டோன் இருந்தால் பச்சை விளக்கு எரியும், சத்தம் வராது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

கடல்சார் வி.எச்.எஃப்.இன் 16-ஆம் சனல் 156.800 மெகாஹேர்ட்ஸ். மலிவு ரேடியோவில் அதைத் தட்டலாம், கேட்கும். அதனால் அது கடல் ரேடியோ ஆகிவிடாது.

உப்புத் தண்ணீர் ஒரு வீச்சு பட்டால் அதன் விசைகளும் ஸ்பீக்கரும் போய்விடும். தண்ணீரில் விழுந்தால் தாழும். கடலுக்கென்று செய்த கையடக்கக் கருவிகளில் பல ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும், சில மிதக்கும். 16-ஆம் சனலுக்கென்றே ஒரு பட்டன் இருக்கும்: குளிரில் நடுங்கும் கைக்கு, இருட்டில், அதுதான் பெறுமதி. சிலவற்றில், 70-ஆம் சனலில் நிலையத்தின் அடையாளத்தையும் ஜி.பி.எஸ். இடத்தையும் ஒரே அழுத்தலில் அனுப்பும் வசதியும் உண்டு. மலிவு ரேடியோவில் அது அறவே இல்லை.

உயிராபத்தில் எந்த வழியிலும் உதவி கேட்கலாம் என்று சர்வதேச ரேடியோ விதிகள் இடம்தருகின்றன. அது மூழ்கும் நேரத்துக்கான விலக்கு. அதை நம்பி மலிவு ரேடியோவோடு தொழிலுக்குக் கிளம்புவது வேறு. இரண்டு ஃபைபர் படகுகளில் இருவரும் உட்கார்ந்திருக்க, ஒரு படகு மற்றதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது என்பதை மேலே கணக்கிட்டோம். 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையை வெளியுலகத்தோடு இணைத்த அமெச்சூர் வானொலியாளர்களை இந்த இடத்தில் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் பயன்படுத்தியது எச்.எஃப்.; வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் வேறு வகை அலை. கையடக்க வி.எச்.எஃப். அதைச் செய்யாது.

படகுக்குச் சரியான கருவி கிடைத்த பிறகு, ஏறும் ஒவ்வொருவரும் இந்த ஒழுங்கைக் கற்கவேண்டும். 16-ஆம் சனல், உயர் சக்தி, ரேடியோ நிமிர்ந்தபடி, முடிந்தால் எழுந்து நின்று:

1. 'மேடே' (உயிராபத்து என்பதற்கான சர்வதேச அழைப்புச் சொல்) மூன்று தடவை.
2. படகின் பெயரும் பதிவிலக்கமும்.
3. மீண்டும் 'மேடே', படகின் பெயர்.
4. இடம்: ஜி.பி.எஸ். எண்கள். இல்லாவிட்டால் கரையின் தெரிந்த இடம் ஒன்றிலிருந்து திசையும் தூரமும். 'குச்சவெளிக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர்' என்பதுபோல.
5. என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும்.

பொத்தானை விட்டுக் காத்திருங்கள். பதில் இல்லாவிட்டால் முதலிலிருந்து சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதற்கு முன்னால் இடத்தை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பேச்சு நடுவில் அறுந்துபோனாலும் தேடிவருபவர் கையில் அந்த எண்கள் இருக்கும்.